ஒப்பிப்பதை விடுவோம்... எண்ணிப் பார்ப்போம்!



மார்ச் 14 வந்துவிட்டால் நம் கணித மன்றத்தில் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். 3-வது மாதம், 14-ம் தேதி. அதனால் அது 'பை' தினம். 2019-ல் யுனெஸ்கோவே அந்த நாளை சர்வதேச கணித தினமாக அறிவித்துவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு மேடை, ஒரு மைக், கையில் தாளோடு ஒரு சார். "மூன்று புள்ளி ஒன்று நான்கு ஒன்று ஐந்து ஒன்பது..." என்று யார் தடுமாறாமல் அதிக தூரம் ஓடுகிறாரோ அவருக்குப் பரிசு. கைதட்டல், போட்டோ, டீ, வடை. முடிந்தது கணித தினம்!

இந்தப் போட்டியைப் பற்றித்தான் என் கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். ஜெயித்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. ஞாபகசக்தி ஒரு வரம். 2015-ல் வேலூர் வி.ஐ.டி.யில் ராஜ்வீர் மீனா என்ற இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கங்களைச் சொல்லி கின்னஸில் இடம் பிடித்தார். ஏறக்குறைய பத்து மணி நேரம்! அதைக் கேட்டு வியக்காதவன் மனிதனே இல்லை. ஆனால் அது ஞாபகசக்தியின் சாதனை. 'பை' இருந்த இடத்தில் ஒரு டெலிபோன் டைரக்டரி இருந்திருந்தாலும் அதே சாதனைதான். அந்த எண்ணில் எது அற்புதமோ, அதை இந்தப் போட்டி தொடவே இல்லை. இதுதான் என் கட்சி.

இந்த எண்கள் யார்?

1-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.142857142857... என்று ஆறு இலக்கம் ஒரு கூட்டமாகத் திரும்பத் திரும்ப வரும். ஏன்? 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் வர முடியும். ஆறு மீதியும் தீர்ந்துபோனால், அடுத்தது பழைய மீதி ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். பழைய மீதி வந்தால் பழைய விடை. டவுன் பஸ் மாதிரி, புறப்பட்ட ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து மறுபடி அதே ரூட்! எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இதுதான் கதி. ஒன்று வகுத்தல் முடிந்துவிடும், அல்லது சுழல ஆரம்பித்துவிடும்.

ஆனால் ரூட் 2, பை, 'இ' இவையெல்லாம் பின்னமாக எழுத முடியாதவை. விகிதமுறா எண்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அவைதான். பை அப்படிப்பட்டது என்று 1761-ல் லாம்பர்ட் நிரூபித்தார். இவற்றின் தசம இலக்கங்கள் எங்கேயும் முடியாது, எங்கேயும் சுழலாது.

இவர்கள் நமக்கு அந்நியர்களும் இல்லை. டிராயிங் ஹாலில் நீங்கள் ஒட்டும் ஷீட்டின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ரூட் 2. ஏ4 தாளில் செய்து பாருங்கள், 297-ஐ 210-ஆல் வகுத்தால் 1.414 வரும். எலக்ட்ரிகல் நண்பர்கள் 230 வோல்ட் ஆர்.எம்.எஸ்.ஸை 1.414-ஆல் பெருக்கி 325 வோல்ட் பீக் என்கிறார்களே, அதுவும் இதே ரூட் 2-தான். கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் கணக்கில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்கல்காரர்களுக்கு பை இல்லாமல் பொழுதே விடியாது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கால்குலேட்டரில் 'இ'-யின் மதிப்பைப் பாருங்கள். 2.718281828 என்று காட்டும். "அட, 1828, 1828 என்று சுழலுதே, அப்ப இது பின்னம்தானே?" என்று தோன்றும். டிஸ்பிளே அதோடு முடிந்துவிடுவதால் வந்த வினை! அடுத்த இலக்கங்கள் 459045... அங்கே 1828 வரவே இல்லை. கருவி காட்டுவதும் எண்ணும் ஒன்றல்ல. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எத்தனை இலக்கம் வேண்டும்?

வேலைக்கு என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம் போதும். 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட். 3.14 போட்டால் சுற்றளவு 157.00 மி.மீ. 22/7 போட்டால் 157.14. உண்மை மதிப்பு 157.08. வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. அப்படியானால் 3.14-ம் 22/7-ம் இங்கே மாட்டிக்கொள்ளும். 3.1416 போடுங்கள். பிழை 0.0004 மி.மீ.தான். நம் ஒர்க்‌ஷாப்பில் எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது.

கிரகங்களுக்கு விண்கலம் அனுப்பும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியே தன் துல்லியமான கணக்குகளுக்குப் புள்ளிக்குப் பிறகு 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. அவர்களுக்கே 15 போதும் என்றால், மேடையில் 300 இலக்கம் சொல்வது வேலைக்காக இல்லை என்பது தெளிவு.

அதில் தப்பில்லை. எல்லாமே வேலைக்காக இருக்க வேண்டுமா என்ன? ஆனால் வேலைக்காக இல்லை என்றால் அறிவுக்காகவாவது இருக்க வேண்டும் அல்லவா? ஒப்பிப்பதில் அறிவுக்கு என்ன லாபம் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

707 இலக்கங்களின் கதை

இங்கிலாந்தில் வில்லியம் ஷாங்க்ஸ் என்று ஒருவர். உறைவிடப் பள்ளி நடத்தியவர். கம்ப்யூட்டர் இல்லாத காலம், பேனாவும் பேப்பரும்தான். 1853-ல் பையின் 607 தசம இலக்கங்களை வெளியிட்டார். 1873-ல் அதை 707 ஆக்கினார். உலகமே ஏற்றுக்கொண்டது. புத்தகங்களில் அச்சானது. பாரீசில் உள்ள 'பாலே த லா டெக்குவெர்ட்' என்ற அறிவியல் காட்சியகத்தில், 1937-ல் ஒரு வட்ட அறையில் இந்த 707 இலக்கங்களையும் பெரிது பெரிதாகப் பொறித்து வைத்தார்கள்.

இங்கேதான் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். அகஸ்டஸ் டி மார்கன். ஆமாம், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் நாண்ட் கேட்டையும் நார் கேட்டையும் மாற்றிப் போட்டு நம்மை வியர்க்க வைக்கும் அதே டி மார்கன் தேற்றத்துக்காரர்! அவர் 1806-ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில்! கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

ஷாங்க்ஸின் 1853 இலக்கங்கள் கையில் கிடைத்தபோது டி மார்கன் என்ன செய்தார்? மனப்பாடம் செய்யவில்லை. எண்ணினார்! எந்த இலக்கம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். பத்து இலக்கத்துக்கும் சமமாகப் பங்கு வைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 61 தடவை வர வேண்டும். ஆனால் 7 மட்டும் வெறும் 44 தடவை! 7-க்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம் என்று அவர் வியந்து எழுதி வைத்தார்.

பல வருஷம் போனது. 1945-ல் ஃபெர்குசன் என்ற ஆங்கிலேயர் வேறொரு சூத்திரத்தை வைத்து பையைப் புதிதாகக் கணக்கிட்டார். 528-வது இலக்கத்தில் ஷாங்க்ஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சரிபார்த்தால், தப்பு ஷாங்க்ஸ் பக்கம்! 528-ல் தொடங்கி 707 வரை அத்தனையும் பயனில்லாமல் போனது. பாரீஸ் காட்சியகத்தில் 1949-ல் திருத்தினார்கள். கையால் 527 இலக்கத்தைச் சரியாகக் கொண்டுவந்த ஷாங்க்ஸை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த உழைப்புக்கு ஒரு சல்யூட். என் கேள்வி வேறு. அந்த எழுபது வருஷத்தில் யாராவது 707-ஐயும் மனப்பாடமாக ஒப்பித்திருந்தால் அவருக்கும் கைதட்டல் கிடைத்திருக்கும். தப்பான இலக்கத்துக்கும் சேர்த்து! ஒப்பிக்கிறவனால் ஒரு பிழையைக் கூடக் கண்டுபிடிக்க முடியாது. பிழையை அச்சு மாறாமல் அடுத்தவனுக்குக் கடத்தத்தான் முடியும்.

டி மார்கனின் எண்ணிக்கையே பிழையைக் காட்டிக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. திருத்திய சரியான இலக்கங்களிலும் முதல் 500-ல் 7 வருவது 36 தடவைதான். அதாவது பஞ்சத்தில் பெரும் பங்கு உண்மையாகவே தற்செயல். 1000 இலக்கம் வரை போனால் 7 சுதாரித்துக்கொண்டு 95 ஆகிவிடுகிறது. எண்ணினால் கேள்வி பிறக்கும். மறுபடி கணக்கிட்டால் தீர்ப்பு கிடைக்கும். ஒப்பித்தால் இரண்டுமே இல்லை.

எண்ணினால் என்ன தெரிகிறது?

பையின் முதல் 100 தசம இலக்கங்களை எண்ணுங்கள். 9 வருவது 14 தடவை. 0, 1, 5, 7 நான்கும் ஆளுக்கு 8 தடவை. கொஞ்சம் ஏற்றத்தாழ்வு. இப்போது 10 லட்சம் இலக்கத்துக்குப் போங்கள். சமப் பங்கு என்றால் ஒவ்வொன்றும் 1,00,000. உண்மையில் அதிகமாக வருவது 5, அது 1,00,359 தடவை. குறைவாக வருவது 6, அது 99,548 தடவை. பஞ்சம் பிடித்த நம் 7-ம் 99,800-க்கு வந்துவிட்டது! ரேஷன் கடையில் கூட இவ்வளவு சமமாக அளந்து போட மாட்டார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், யாரும் தாயம் உருட்டி இந்த இலக்கங்களைப் போடவில்லை. ஒவ்வொரு இலக்கமும் வட்டத்தின் சுற்றளவு, விட்டம் என்ற ஒரே விகிதத்தால் முன்பே தீர்மானமானது. ஒன்றைக் கூட மாற்ற முடியாது. ஆனாலும் பார்ப்பதற்கு உருட்டிப் போட்ட மாதிரியே இருக்கிறது. கட்டுப்பாடு முழுக்க இருக்கிறது, ஒழுங்கு மட்டும் கண்ணில் படவில்லை!

762-வது தசம இடத்தில் 999999 என்று ஆறு 9 வரிசையாக நிற்கிறது. உங்கள் நண்பனிடம் "மனசுக்குத் தோன்றியபடி ஆயிரம் இலக்கம் எழுதுடா" என்று சொல்லுங்கள். ஆறு 9-ஐ அடுத்தடுத்து எழுத அவனுக்குத் துணிச்சல் வராது. பைக்கு வந்திருக்கிறது.

சரி, இந்தச் சமப் பங்கு கடைசி வரை தொடருமா? கேள்வி அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பதில்? இன்றுவரை உலகத்தில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை! அதுகூட வேண்டாம். பையின் தசமங்களில் 7 என்ற இலக்கம் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா, அல்லது எங்கோ ஒரு இடத்தில் கடைசி 7 வந்து நின்றுவிடுமா? அதற்கும் நிரூபணம் இல்லை. ரூட் 2-க்கும் அதே நிலைதான். 2022-ல் கம்ப்யூட்டரில் 100 லட்சம் கோடி இலக்கம் வரை கணக்கிட்டார்கள், பிறகு அதையும் தாண்டிவிட்டார்கள். ஆனால் எத்தனை கோடி பார்த்தாலும் அது "இதுவரை" என்ற பதில்தான். "எப்போதும்" என்று சொல்ல நிரூபணம் வேண்டும்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நாமே இப்போதே நிரூபிக்கலாம். முடிவில்லாமல் வரும் இலக்கங்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும்தான் என்றால், ஒரு இடத்துக்கு மேல் 4444... என்று அதுவே ஓடும். அது சுழல் தசமம், அப்படியானால் பை ஒரு பின்னம். லாம்பர்ட்தான் அது பின்னம் இல்லை என்று காட்டிவிட்டாரே! பார்த்தீர்களா, இரண்டே வரியில் முடிவிலி வரை செல்லுபடியாகும் ஒரு உண்மை. எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் தர முடியாதது.

எல்லா இலக்கங்களும், இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக வரும் சேர்க்கைகளும் சமப் பங்கில் வரும் எண்ணுக்கு 'நார்மல்' எண் என்று பெயர். ஏறக்குறைய எல்லா எண்களும் அப்படித்தான் என்று 1909-ல் போரெல் நிரூபித்தார். ஆனால் "ஒன்றைக் கையில் காட்டு" என்றால்? 1933-ல் கேம்பிரிட்ஜில் பட்டப்படிப்பு மாணவராக இருந்த சாம்பர்நவுன் ஒன்றை எழுதிக் காட்டினார். 0.123456789101112131415... அவ்வளவுதான்! 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவது. அது நார்மல் என்று நிரூபித்தும் காட்டினார். நம்மைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவர். அவர் ஒப்பிக்கவில்லை, யோசித்தார்.

"நமக்கெதுக்குப்பா இதெல்லாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஹாஸ்டலில் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துக் காட்டியபோது ஒரு நண்பர் சொன்னார்: "இதெல்லாம் எம்.எஸ்ஸி. படிக்கிறவங்களுக்கு. நாம டிப்ளமோ. ஃபார்முலா தெரிஞ்சா போதும், மதிப்பைப் போட்டா மார்க் வந்துடும்." இன்னொருவர்: "தமிழ் மீடியத்திலிருந்து வந்த பசங்களுக்கு மேடை ஏற இது ஒண்ணுதான் வாய்ப்பு. அதையும் கெடுக்காதே."

இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. மேடை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கவும் கணக்குப் போடவும் ஆங்கிலம் தேவையில்லை. அந்த மேடையில் "நான் இதை எண்ணினேன், இது தெரிந்தது" என்று தமிழிலேயே சொல்லட்டும்.

முதல் வாதம்தான் எனக்குக் கவலை. நம்மைப் பற்றி ஊர் சொல்வதை நாமே நம்ப ஆரம்பித்துவிட்டோம். "டிப்ளமோகாரனுக்குக் கை போதும், மூளை எதுக்கு?" வைவாவில் டெஃபனிஷன் சொன்னால் போதும். ரெக்கார்டு நோட்டில் போன வருஷத்து ரீடிங் அப்படியே இந்த வருஷமும் வரும். யாரும் கேட்பதில்லை. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு போன சீனியர்களைக் கேளுங்கள். எங்கே இடறியது என்றால், முதலில் கணக்கைத்தான் சொல்வார்கள்.

நாளைக்கு நாம் ஒரு ஆலையில் நிற்போம். முன்னால் ஒரு மீட்டர், கையில் ஒரு லாக் ஷீட். மணிக்கொரு தடவை மீட்டர் காட்டுவதை எழுத வேண்டும். மீட்டர் கெட்டுப்போய் ஒரே ரீடிங்கைக் காட்டினாலும் எழுதிக்கொண்டே போகிறவன் ஒரு ரகம். "ஏன் நேற்றிலிருந்து இந்த எண் அசையவே இல்லை? கொஞ்சம் பாருங்க சார்" என்று கேட்கிறவன் இன்னொரு ரகம். முதல் ஆள் ஒப்பிக்கிறவன். இரண்டாவது ஆள் டி மார்கன்! கருவி காட்டுவதும் உண்மையும் ஒன்றல்ல என்று தெரிந்தவன். பாய்லர் பக்கத்தில் நிற்கும்போது இந்த வித்தியாசம் மார்க் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

என் யோசனை

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. மாணவர் பேரவைக்கும் கணித மன்றத்துக்கும் மூன்று யோசனைகள்.

ஒன்று: எண்ணும் போட்டி. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 1000 இலக்கங்கள் அச்சிட்ட ஒரு தாள். ஒருவர் பையை எண்ணட்டும், ஒருவர் ரூட் 2-ஐ, ஒருவர் 'இ'-யை. நான்காமவர் தன் மனசுக்குத் தோன்றிய இலக்கங்களை எழுதி எண்ணட்டும். நால்வரும் கிராஃப் போட்டு, எது மனிதன் எழுதியது என்று மற்ற குழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். செலவு? ஜெராக்ஸ் காசு.

இரண்டு: கணக்கிடும் போட்டி. 1706-ல் மேச்சின் தந்த சூத்திரத்தில் பை என்பது 1/5-இன் டேன் இன்வர்ஸைப் போல 16 மடங்கில் இருந்து, 1/239-இன் டேன் இன்வர்ஸைப் போல 4 மடங்கைக் கழித்தது. ஷாங்க்ஸும் இதைத்தான் பயன்படுத்தினார். டேன் இன்வர்ஸுக்கு 14-ம் நூற்றாண்டிலேயே கேரளத்து மாதவனுக்குத் தெரிந்திருந்த தொடர் இருக்கிறது. 1/5-இல் இருந்து அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தாம் அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, ஏழாம் அடுக்கில் ஏழில் ஒரு பங்கைக் கழி. 0.2 − 0.0026667 + 0.000064 − 0.0000018 = 0.1973955. இதை 16-ஆல் பெருக்கினால் 3.158328. 239-க்கு ஒரே உறுப்பு போதும், 4/239 = 0.0167364. கழித்தால் 3.1415916. புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் சரி! அரைப் பக்கம் கணக்கு, கால்குலேட்டர் வேண்டாம். ஒப்பித்த 300 இலக்கத்தைவிட, கையால் பிழிந்தெடுத்த இந்த ஐந்து இலக்கம் உங்கள் சொந்தச் சொத்து.

மூன்று: கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு. சி புரோகிராமில் 10,000 இலக்கம் எடுத்து, உங்கள் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எங்கே வருகிறது என்று தேடுங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் இன்னும் மகிழ்ச்சி, "ஏன் கிடைக்கவில்லை, எவ்வளவு தூரம் போனால் கிடைக்கும்?" என்று யோசிக்க ஒரு வாய்ப்பு. இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு சூத்திரத்தில் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெர்குசன் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஒப்பிக்கும் போட்டி வேண்டுமானால் நான்காவதாக இருந்துவிட்டுப் போகட்டும். முதல் பரிசு மட்டும் கேள்வி கேட்டவருக்குப் போகட்டும்.

நம் தமிழில் 'எண்ணு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கணக்கிடு என்பது ஒன்று, சிந்தி என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாம். எண்ணுவோம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் துறை